அவித்த முட்டையும் அபாயச் சங்கும்

சமைக்கவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டுச் சமைக்கக் கிளம்புகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எண்ணூர் பக்கம் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ரசாயனக் கிடங்கில் யாருக்கும் அந்த ஜாக்கிரதை இல்லை.

என் மனைவி ஸ்டெல்லா பெரம்பூரில் டீச்சர். காலையில் எனக்கு முன்பே ராயபுரத்திலிருந்து கிளம்பிவிடுவாள். அதனால் மதியத்துக்கு எனக்கு எப்போதும் ஹோட்டல்தான். மகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமல் நான் முழித்த ஒரு மாதக் கடைசியில் ஸ்டெல்லா வெடித்தாள். (வகுப்பில் செந்தமிழ் பேசுவாள். என்னிடம் ராயபுரம்தான்.)

"தெனிக்கும் பிரியாணி துன்னுகினு இருந்தா துட்டு எப்டிய்யா நிக்கும்? ஒரு வேள சோறு நீயே கட்டிகினு போனா கை தேஞ்சிடுமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். (ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். நான் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன்.) ஒரு பானை நிறைய முட்டை அவித்து, பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். தினமும் வீட்டிலிருந்து தயிர்சாதம் மட்டும் கொண்டுவந்தால் போதும். தொட்டுக்கொள்ளக் கையிருப்பு தயார்.

இரண்டு நாள் அமோகமாகப் போனது. பக்கத்து சீட் முருகனுக்குச் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கமே செய்தேன். மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தவன், ஒரு வாரம் கழித்துதான் எழுந்தேன். அது சித்திரை மாத வெயில்.

காய்ச்சல் விட்டதும் மூக்கடைப்போடு ஆபீஸ் போனேன். பேனா எடுக்க டிராயரைத் திறந்தபோது இடைஞ்சலாக இருந்த டப்பாவை ஓரமாகத் தள்ளினேன். அதன் மூடி கழன்றதைக் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முருகன் மூக்கைப் பொத்தினான்.

"மாமு, இன்னாடா இது? கேஸ் லீக்காயிட்ச்சா? கொடல பொரட்டுது!"

"எனுக்கு ஒன்னும் தெர்லயே."

"இவ்ளோ கப்பு அடிக்குது, தெர்லயா உனுக்கு?"

எனக்கு வேர்த்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விஷ வாயு என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்றம் திடீரென்று தெரியாமல் போனால் வாயு நன்றாக ஏறிவிட்டது என்று அர்த்தம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆக, இந்த ஆபீஸில் முதலில் சாகப்போவது நான்.

எங்கள் மாடிக்கு அவசர காலப் பொறுப்பாளனும் நான்தான். மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டினேன், அபாயச் சங்கை அழுத்தினேன், விசில் ஊதிக்கொண்டே எல்லோரையும் படியில் விரட்டினேன். பாத்ரூம் கதவைத் தட்டி, "சார், எப்டி கீறீங்களோ அப்டியே வாங்க!" என்று கத்தினேன். மேனேஜர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

எல்லோரும் கேட் பக்கம் வெயிலில் நின்றோம். சாவதற்குள் ஸ்டெல்லாவிடம் பேசிவிட வேண்டும் என்று போன் போட்டேன்.

"ஸ்டெல்லா, விஷ வாயு. எனுக்கு மூக்கு போய்ட்ச்சி."

"இன்னாய்யா ஒளர்ற? உனுக்கு ஜலதோசம்யா!"

"டைம் இல்ல, கேளு. பாப்பாவ நல்லா பட்க்க வை. நீயும் தனியா கஷ்டப்படாத. நல்லவனா ஒருத்தன பாத்து கட்டிக்க. நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன்." சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டியது. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஸ்டெல்லா கேட்டாள். "ஏன், ஆள் எவனாச்சும் பாத்து வச்சிகிறியா?"

பதில் சொல்வதற்குள் பாதுகாப்பு அதிகாரி முகமூடியோடு படியிறங்கி வந்தார். ஒரு கையில் வாயு அளக்கும் மீட்டர் விடாமல் கீச்சிட்டது. இன்னொரு கையை முடிந்தவரை நீட்டி ஒரு டப்பாவைப் பிடித்திருந்தார். கேட்டுக்கு வெளியே அதைத் தூரமாக வைத்துவிட்டு வந்து முகமூடியைக் கழற்றினார்.

"மூடியில பேர் வெட்டியிருக்கு. ஆரோக்கியம், ஸ்டெல்லா. நடுவுல ஒரு இதயம் போட்டிருக்கு. யாருங்க அது?"

கல்யாணத்துக்கு வந்த டப்பா. மொத்த ஆபீஸும் என் பக்கம் திரும்பியது. ஹெல்மெட்டைக் கழற்றலாமா, இன்னும் கீழே இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. நான் கட் செய்ய மறந்த போனிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கணீரென்று கேட்டது.

"யோவ், என் டப்பாவா அது?"

அன்று மதியம் ஆபீஸ் முழுவதற்கும் பிரியாணி என் செலவு. மிச்சம் பிடித்தது, பிடிக்க நினைத்தது எல்லாம் அதில் போயிற்று. மேனேஜர் நல்லவர். பாதுகாப்பு ஒத்திகை வெகு சிறப்பாக நடந்ததாகத் தலைமை ஆபீஸுக்கு எழுதிவிட்டார். எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

மச்சான் சேவியர்தான் இன்னும் விடுவதாக இல்லை. ஸ்டெல்லாவின் தம்பி, காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவன். கிறிஸ்துமஸ் ஆகட்டும், ஞானஸ்நானம் ஆகட்டும், சொந்தக்காரர்கள் நிறைந்த பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்காருவான்.

"மாமா, நீ சொன்ன மாறியே அக்காவுக்கு ஒரு மாப்ள பாத்துகிறேன். தங்கமான ஆளு. சூப்பரா சமைப்பான்."

பந்தியே சிரிக்கும். வேறு வழியில்லாமல் நானும் சிரிப்பேன். ஸ்டெல்லா மட்டும் சிரிக்க மாட்டாள். இலையிலிருந்து நிமிர்ந்து, "போட்டோ கீதாடா?" என்பாள்.