ஞாயிற்றுக்கிழமைக்குள் காய வேண்டிய சுவர்

சுவரில் பூஞ்சை கருப்பாக, உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருந்தது. அதை எபினேசர் வீடியோ காலில் பெண்டாட்டிக்குக் காட்டித் தொலைத்திருக்க வேண்டாம்.

பிரசவத்துக்கு ஊத்துக்கோட்டை போன ஏஞ்சல், ஐந்து மாதப் பிள்ளையோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. சுவரைப் பார்த்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டவள் அவன் மாமியார் ரோசம்மாள்.

"புள்ளைக்கு ஏற்கெனவே சளி. பூஞ்சை புடிச்ச ஊட்டுல உட மாட்டேன் மாப்ள. நானே கூட வந்து பாப்பேன். இருந்துச்சின்னா அப்பிடியே திருப்பி இட்டுகினு போயிடுவேன்."

பாவம், பெற்ற மகளை ஒரு முழு நாள் மடியில் வைத்துக்கொண்டதில்லை அவன். அன்று மாலையே ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, இரண்டு பக்கெட் தண்ணீர் அடித்துக் கழுவினான். புதன்கிழமை பார்த்தால் உள்ளங்கை முறமாகியிருந்தது.

தேர்வாய் கண்டிகையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு பழக்கம். சரக்கில் குறை வந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். எபினேசர் சுவர் முன்னால் நின்று பயபக்தியோடு கேட்டான். ஏன் பூஞ்சை? ஈரம். ஏன் ஈரம்? காயவில்லை. ஏன் காயவில்லை? வெயில் படவில்லை. ஏன் படவில்லை? ஜன்னல் இல்லை. ஏன் இல்லை? அது நடுச்சுவர், அந்தப் பக்கம் அடுத்த வீடு.

இதற்கு மேல் கேட்பதானால் ஹவுஸ் ஓனரைத்தான் கேட்க வேண்டும். அந்த மனுஷனிடம் வாய் கொடுப்பதற்குப் பதில் நாலு பக்கெட் தண்ணீர் அடிப்பது மேல் என்று அடித்தான்.

வியாழக்கிழமை பெயிண்ட் பூசினான். அது அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தது. வெள்ளிக்கிழமை மர அலமாரியை நகர்த்தி மறைத்தான். சனிக்கிழமை திறந்தால், உள்ளேயிருந்த ஏஞ்சலின் வெள்ளைக் கல்யாணப் புடவையில் கருப்புப் புள்ளிகள். அதற்கும் ப்ளீச்சிங் பவுடர் போட்டான். புள்ளி போனது, கூடவே ஜரிகையும் போனது.

ஞாயிறு காலை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய ரோசம்மாள் காபிகூடக் குடிக்கவில்லை. நேரே போய் அலமாரியை இழுத்து, சுவரில் கையை வைத்து, சொட்டுகிற கையை மருமகனிடம் நீட்டினாள்.

"இன்னா மாப்ள, செவுத்துக்கு வேர்க்குதா?"

ஏஞ்சல் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடிக்காமலே கட்டிலில் போட்டாள். மாமியார் பையைத் தூக்கினாள். பிள்ளையை எபினேசர் கொடுக்க மனமில்லாமல் இறுக்கிக்கொண்டான்.

அப்போது வாசலில் கம்பெனி யூனிபார்மோடு ஒருவர் வந்து நின்றார். அடுத்த வீட்டு தேசப்பன். எட்டு மாதமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தும், அவருக்கு நைட் ஷிப்ட், இவனுக்குப் பகல் ஷிப்ட் என்பதால் இருவரும் முகம் பார்த்துப் பேசியதே இல்லை.

தேசப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"சார், தப்பா நெனைக்காதீங்க. நம்ம நடுச்செவுத்துல எங்க பக்கம் ஒரே பூஞ்சை. பத்து நாளா டூட்டி முடிஞ்சி வந்து தெனமும் நாலு பக்கெட் தண்ணி அடிச்சிக் கழுவிக்கினே இருக்கேன், ஈரம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. இன்னிக்கு என் பக்கெட்டே ஒடஞ்சி போச்சி, உங்களுது கொஞ்சம் தர்றீங்களா?"