சேரப்பணஞ்சேரிக்கு வந்த ஜெர்மன் பயில்வான்

அம்பாசிடரின் பின்கதவு திறந்து ஆறடி உயர வெள்ளைக்காரி ஒருத்தி இறங்கியதும், புருஷோத்தமன் அவளைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"பயில்வான் எங்கப்பா?" என்று டிரைவர் தாவீதைக் கேட்டான்.

"இன்னா பயில்வான்? இவங்கதான் ஜெர்மன் இன்ஜினியர். பேரு யூட்டா. ஒரு காலத்துல நீச்சல்ல பெரிய ஆளாம்."

தப்பு முழுக்கப் புருஷோத்தமன் மேல்தான் என்று சொல்லிவிட முடியாது. மெட்ராஸிலிருந்து மேனேஜர் போனில் சொன்னது இவ்வளவுதான்: ஒரகடம் ஃபேக்டரியில் புது மெஷினை மாட்ட ஜெர்மன் இன்ஜினியர், முன்னாள் ஃப்ரீ ஸ்டைல் சாம்பியன், நன்றாகக் கவனித்துக்கொள். ஃப்ரீ ஸ்டைல் என்றால் குஸ்தி. இதில் எவனுக்குச் சந்தேகம் வரும்? நீச்சலிலும் ஒரு ஃப்ரீ ஸ்டைல் உண்டு என்று ஆபீஸ் கிளார்க்குக்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தான்?

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நேராகப் போய் நடேசனிடம் அளந்துவிட்டான். நடேசன் சேரப்பணஞ்சேரியின் பழைய பயில்வான், சசிரேகாவின் அப்பா. பெண் கேட்டு இரண்டு தடவை போன புருஷோத்தமனை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் நிமிர்ந்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள் வேறு இருந்தார்கள்.

"ஜெர்மன்காரனா? வரச்சொல்லு. ஞாயித்துக்கெழம ஏரிக்கரையில நானே மோதறேன்" என்று தொடையைத் தட்டினார். மறுநாளே ஊர் ஊராகத் தமுக்கடித்துவிட்டார்கள்.

இப்போது பயில்வானே கிடையாது என்று போய் நின்றால் ஊர் முன்னால் நடேசன் மானம் போகும். சசிரேகாவை இந்த ஜென்மத்தில் மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் முதல் பொய்: பயில்வானுக்குக் கடும் ஜுரம். நடேசன் மீசையைத் தடவிக்கொண்டே, பாவம் தேறட்டும், ஒன்றும் அவசரமில்லை என்றார். கறுவிக்கொண்டு சொன்னாரோ என்னவோ. ஆனால் அவருடைய சிஷ்யர் கன்னியப்பன் விடவில்லை. கஷாயத்தோடு கம்பெனி கேட்டுக்கே வந்து, பயில்வான் குடித்ததைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றார். உள்ளே கொண்டுபோய்ப் புருஷோத்தமனே குடித்துவிட்டுக் காலிச் சொம்பைக் கொடுத்தான். அன்று முழுக்க வாயெல்லாம் வேப்பங்காய்.

கஷாயம் வேலை செய்து ஜுரம் விட்டுவிட்டது என்று கன்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனவே இரண்டாவது பொய்: தோள்பட்டை பிசகிவிட்டது. மறுநாள் காலை மூங்கில் பத்தையும் முட்டையுமாக எலும்பு கட்டுகிறவர் வந்து இறங்கினார். தோள்பட்டை எங்கே என்றார். வேறு வழியில்லாமல் புருஷோத்தமன் தன் தோளைக் காட்டினான்.

கட்டோடு நின்றவனைப் பார்த்து என்ன ஆயிற்று என்று யூட்டா கேட்டாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அழாத குறையாகச் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். சின்னஞ்சிறு வயசிலேயே தண்ணீரில் இறக்கிவிட்டார்களாம். பள்ளிக்கூடம், தூக்கம், நீச்சல், வேறு வாழ்க்கையே இல்லை. சொந்த நாட்டில் சாம்பியன்தான், உலகப் போட்டியில் நாலாவதாக வந்தாள். நாலாவதாக வந்தவளை யார் போட்டோ எடுப்பார்கள்? கிழக்கு ஜெர்மனி என்று தொப்பியில் போட்டுக்கொண்டு நீந்தினாள். போன வருஷம் அந்த நாடே இல்லாமல் போயிற்று. அப்புறம் அவள் தண்ணீரில் இறங்கவேயில்லை.

கடைசியாக, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். கார்த்திகை மாசம். ஏரி கரை தளும்பிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். நடேசன் எண்ணெய் பூசி, லங்கோடு கட்டி, இறுகிய முகத்தோடு நின்றார். புருஷோத்தமன் மைக்கை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு உண்மையைச் சொன்னான். பயில்வான் வரவில்லை, வந்தது நீச்சல்காரி, தப்பு தன்னுடையது, மன்னிக்கணும்.

கூட்டம் கொதிக்க ஆரம்பிப்பதற்குள் யூட்டா காக்கிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொபீரென்று குதித்தாள். அடேயப்பா, என்ன வேகம்! திறந்த வாயை ஊர் மூடுவதற்குள் அக்கரையைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். விசில் பறந்தது. கரையேறியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இவங்கதான் ஃபர்ஸ்ட்டு!" என்று கன்னியப்பன், குஸ்தியில் ஜெயிப்பவருக்கு வாங்கிய மாலையை அவள் கழுத்தில் போட்டார். கூட நீந்தியவர் யாருமில்லையே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நடேசன் புருஷோத்தமனை நோக்கி வந்தார். கட்டுப்போட்ட தோளிலேயே கையை வைத்தார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். புருஷோத்தமனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது.

பின்னாலேயே நடேசன் சம்சாரம் கனகம் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இதுக்கா அழுவறீங்க? அந்த ஜெர்மன்காரன் வராம இருந்தா மொட்டை போடறேன்னு குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கினு, ஒரு வாரமா நடுங்கிக்கினு கெடந்தாரு மனுசன். சண்டைய எவன் நிறுத்துறானோ அவனுக்குத்தான் பொண்ணுன்னு எங்கிட்ட சத்தியமே பண்ணிக்கீறாரு, மாப்ள!"