பதினாலாம் நாளும் ஒரு பை எலுமிச்சங்காயும்

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கணக்கை ஒப்படைக்கலாம், கணக்கு வாத்தியாரிடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது. நான் கணக்கு வாத்தியார். திருவேங்கடத்தில் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு வரை நடத்துகிறவன். ஒன்று முதல் பதினாலு வரை எண்ணத் தெரியாமல் நான் மானங்கெட்ட கதையை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கும் கோமதிக்கும் கல்யாணமாகி மூன்று வருடம். நாங்கள் குடியிருக்கும் சங்கரன்கோவிலில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் சாம்பாருக்கு முன்னால் கேள்வி வந்துவிடும்: "என்ன சார், விசேஷம் உண்டா?" தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த கோமதியிடம், பட்டா மாற்ற வந்தவர்கள்கூட இதைக் கேட்டார்கள். சிரித்து மழுப்புவோம். வீட்டுக்கு வந்தபிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டோம்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் பூஜை விளக்கை ஏற்றுவது கோமதி. மாதவிலக்கு நாட்களில் மட்டும் என் அம்மா ஏற்றுவாள். ஐந்தாம் நாள் கோமதி தலைக்கு ஊற்றிவிட்டு மறுபடி ஏற்றுவாள். அந்த நாள் நெருங்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலிருந்தே எட்டிப் பார்ப்பேன். விளக்குக்கு முன்னால் அம்மாவின் சேலை தெரிந்தால் அந்த மாதமும் போயிற்று என்று அர்த்தம். அன்றைக்குச் செருப்பைக் கழற்றக்கூட மனம் வராது.

இதைக் கணக்காகவே தீர்த்துவிடுவது என்று ஒரு நாள் போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்தேன். "கருமுட்டை பதினாலாம் நாள் வெளிவரும்" என்று சொன்ன இடத்தில் நெட் தீர்ந்துவிட்டது. (மீதியையும் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.) அது போதாதா கணக்கு வாத்தியாருக்கு?

"இனிமே நாள் கணக்கெல்லாம் எங்கிட்ட விட்டுரு" என்றேன். கோமதியும் நம்பி விட்டுவிட்டாள்.

வரைபடத்தாள் வாங்கி மூன்று நிறப் பேனாவில் குறித்தேன். ஒன்றாம் நாள் எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கோமதி தலைக்கு ஊற்றி விளக்கேற்றும் நாள்தான் ஒன்று. அதற்கு முந்தைய நாலு நாளை எங்கள் வீட்டில் யாரும் நாளாகவே சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது மாதம் என் பதினாலாம் நாள் ஒரு வியாழக்கிழமை விழுந்தது. அன்று சாயங்காலம் கோமதி ஆபீஸ் பயிற்சிக்காக மதுரைக்கு பஸ் ஏற வேண்டும், திரும்ப மூன்று நாளாகும். மத்தியானத்தை விட்டால் மாதமே போச்சு!

தலைமையாசிரியரிடம் "அம்மாவுக்குத் திடீர்னு மயக்கம் சார்" என்று சொல்லி அரைநாள் லீவு வாங்கினேன். கோமதி தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தாள். மயக்கம் போட்டிருக்க வேண்டிய அம்மாவை, ஊறுகாய்க்கு எலுமிச்சங்காய் வாங்கிவரச் சொல்லி காலையிலேயே புளியங்குடிக்கு பஸ் ஏற்றியிருந்தேன். (நான் ஊறுகாயைத் தொடவே மாட்டேன். அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.)

கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலின் ஆளுக்கொரு மூலையில், பரீட்சை மணிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தோம்.

"மணி என்ன?" என்றாள் கோமதி.

"ரெண்டரை."

"எனக்கு என்னமோ படபடன்னு வருது."

"எனக்குந்தான்."

அப்போது கதவு தட்டப்பட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு திறந்தேன். கையில் சாத்துக்குடிப் பையோடு தலைமையாசிரியர், பின்னால் பி.டி. சார். நல்ல மனிதர், திருவேங்கடத்திலிருந்து வெயிலில் பைக்கில் வந்திருந்தார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, ஆட்டோவிலிருந்து அம்மா இறங்கினாள். இடுப்பில் ஒரு பை எலுமிச்சங்காய்.

"அம்மா! நீங்க எந்திரிச்சு நடக்கலாமா?" என்று பதறினார் தலைமையாசிரியர்.

"எனக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கேன். இவன்தான் இன்னைக்கே வேணும்னு என்னை பஸ் ஏத்தி விட்டான்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் சட்டையைப் புரட்டிப் போட்டிருந்ததைப் பார்த்தார். உள்ளே நின்ற கோமதியைப் பார்த்ததும் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். "சரி சார், உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்று சாத்துக்குடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பி.டி. சார் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கோமதி அழுதுகொண்டே மதுரைக்கு பஸ் ஏறினாள்.

அந்த மாதமும் அம்மாதான் விளக்கேற்றினாள்.

பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். என் வரைபடத்தாளைப் பெருமையாக விரித்து வைத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணாம் நாள் எது சார்?" என்று கேட்டார்.

"தலைக்கு ஊத்துன நாள், டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தம் பட ஆரம்பிக்கிற நாள்தான் ஒண்ணு. அதோட, பதினாலு எல்லாருக்கும் பொதுவும் இல்ல. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் பதினாலு நாள் முன்னாடிதான் முட்டை வரும். இவங்களுக்கு இருபத்தாறு நாளைக்கு ஒருதடவை, அப்போ பன்னெண்டாம் நாள் வாக்குல. வந்த முட்டை ஒரு நாள்தான் தாங்கும். ஆணோட அணு நாலஞ்சு நாள் தாங்கும். அதனால முட்டை வர்றதுக்கு முந்தின நாலஞ்சு நாளுதான் ரொம்ப முக்கியம்."

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என்னுடைய பதினாலு, உண்மையில் பதினெட்டு. அவ்வளவு ஆர்ப்பாட்டமும், அந்தச் சாத்துக்குடியும், ஆறு நாள் கழித்து.

பஸ் ஸ்டாண்டில் கோமதி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தவள், அப்படியே அழுதுவிட்டாள். "நாலு நாளும் வயித்த வலியோட மூலையில கெடந்தது நான்லா. அது உங்களுக்கு நாளாவே படலையா?"

என் வாழ்நாளில் எந்த இன்ஸ்பெக்ஷனிலும் அப்படித் தலைகுனிந்ததில்லை. அன்றிலிருந்து கணக்குத் தாள் அவளிடம் போயிற்று. முதல் நாளன்று வெந்நீர்ப் பை வைத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை.

மூன்று மாதம் கழித்து, அம்மா விளக்கேற்ற வேண்டிய நாள் வந்தது. கோமதி ஏற்றினாள். மறுநாளும் அவளே ஏற்றினாள். பத்தாவது நாள்வரை பயத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. இன்றைக்கும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டால் போதும், அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பாள்: "ஏலே, நான் புளியங்குடிக்குப் போயிட்டு வரட்டா?"

விவரம் தெரியாத என் மகள், "ஆச்சி, நானும் வாரேன்" என்று செருப்பைத் தேடுவாள்.