மூன்றாவது கார்டைப் போடலாமா?

ரோசரி சர்ச் ரோடு,
மயிலாப்பூர், சென்னை-4.
செவ்வாய்க்கிழமை, காலை.

அன்புமிக்க லாய்டுக்கு,

ஃப்ளோரன்ஸ் பெரியம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கு யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். மெல்பர்னில் நீயும் உன் மனைவியும் சுகம்தானே? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இதைக் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பப் போகிறேன். போனில் பேசினால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க பெரியம்மா" என்றுவிடுகிறாய். இருபத்தொன்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தவள் நான். குறுக்கே பேசாமல் கேள்.

உன் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய், இந்த மாதத்தோடு எட்டு மாதம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் நிஷா, அவர் தன்னுடைய பழைய குரலைத் தினமும் கேட்டுக் கூடவே வாயசைத்தால் பேச்சு திரும்ப வழி இருக்கிறது, முதல் வருஷம் முடிவதற்குள் செய்யுங்கள் என்றாள். அவர் குரல் என்று நம்மிடம் இருந்தது, ஞாயிறு பூசையில் அவர் வாசகம் வாசித்ததை நான் பிடித்து வைத்த கேசட்டுகள்தான். நீ கிறிஸ்மஸுக்கு வந்து அவற்றை லேப்டாப்பில் ஏற்றும்போதே பூஞ்சை பிடித்த டேப்பெல்லாம் ஒவ்வொன்றாக அறுந்தது. லேப்டாப்பை நீ வடபழனியில் கல்யாணத்துக்குப் போன ஆட்டோவில் விட்டுவிட்டு வந்தாய். அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. மிஞ்சியது, அது தொலைவதற்கு முன்பே அவர் குரலை நீ எழுதிவைத்திருந்த மூன்று மெமரி கார்டுகளும், அவற்றைப் போட்டு ஓட்ட, சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும். மூன்றிலும் ஒரே சரக்குதான், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்றாய். கிறிஸ்மஸ் பரிசாயிற்றே என்று கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்த மூன்று ராஜாக்களின் பெயரை உறைமேல் எழுதி பீரோவில் வைத்தேன்.

நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. கார்டு பெரியது, நீ எழுதியது அதில் ஒரு மூலையில் இருக்கிறது, முதல் தடவை கரண்ட் கொடுத்ததும் அது தானாகவே விரிந்து கார்டு முழுக்கப் பரவிக்கொள்ளும், கால் மணி நேரம் ஆகும், நடுவில் அணைந்தால் உள்ளதும் கெட்டுவிடும், பச்சை லைட் சிமிட்டி ஓயும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. சரி. பெரியப்பாவின் நாற்காலிக்கு இடப்பக்கம், பிளக்கை ஒட்டி, ஸ்டூல்மேல் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து டிவியோடு இணைத்துக் கஸ்பாரைச் செருகி ஆன் செய்தேன். நிஷா வந்தாள், கதவைத் திறக்கப் போனேன், திரும்பி வந்தால் லைட் இல்லை. கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்து மறுபடி போட்டேன். டிவி திரையில் வெள்ளெழுத்தாக ஏதேதோ ஓடி, ஃபைல் சிஸ்டத்தைக் காணோம் என்று நின்றுவிட்டது. மாடி வீட்டு ஷண்முகப்ரியா தேனாம்பேட்டையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், அவளைக் கூப்பிட்டேன். அவள் தன் லேப்டாப்பில் கார்டைப் போட்டு ரிப்பேர் செய்யச் சொன்னாள். அது சரிசெய்யட்டுமா, சரிசெய்யட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது, அவளும் ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில், காணாமல் போய்க் கிடைத்தவை என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பெயரில்லாமல் வெறும் நம்பர் போட்ட துண்டுகள். காணாமல் போனதைத் தேடித் தரும் அந்தோணியார் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறாரே என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஒரு துண்டைத் திறந்தால் உன் பெரியப்பா குரல், பவுலடிகளின் கடிதத்தைக் கம்பீரமாக ஆரம்பித்து, பாதியில் அறுந்து, கோவில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியவர் உடனே எடுக்கவும் என்று முடிந்தது. மற்றதெல்லாம் வெறும் கரகரப்பு. அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை, லாய்ட்.

அடாப்டர் சரியில்லாமல் இருக்கும் என்று நீ சொன்னாய். புதுசு வாங்கினேன். போன வியாழக்கிழமை மெல்கியோரைப் போட்டுவிட்டு, லேபில் பிப்பெட்டைப் பார்ப்பதுபோல் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறாவது நிமிஷம் குக்கர் விசில் அடித்தது. அணைத்துவிட்டு வந்தால் பெட்டி இருட்டு. இந்தத் தடவை சுவிட்சைப் பார்த்தேன், ஆஃபில் இருந்தது. மெல்கியோரும் போனார். வீட்டில் என்னைத் தவிர இருந்தது, தரை துடைத்துக்கொண்டிருந்த தாயம்மாதான். ஏன் அணைத்தாய் என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். "இன்னாம்மா சொல்றீங்கோ? ஆறு வருசமா உங்க ஊட்ல வேல செஞ்சிக்கினு கீறேன். அந்தப் பொட்டி கிட்டக்கூட நான் போவல" என்று சொல்லிவிட்டு, துடைக்கும் துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டுப் போனவள்தான், இன்னும் வரவில்லை. நடந்ததை முழுக்கப் பார்த்த ஒரே சாட்சி உன் பெரியப்பா, அவரால்தான் பேச முடியாதே. மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்த மனிதர். விருந்தாளி நாற்காலியைவிட்டு எழும்போதே ஃபேனை நிறுத்துவார். உன் ரிசப்ஷனில் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் மேடை விளக்கை அணைத்தது யார் என்று உனக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவர் இப்போது பிளக் பக்கத்தில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

இனி பல்தசார் ஒருவர்தான். அவரும் போனால் உன் பெரியப்பா குரல் இந்த உலகத்திலேயே கிடையாது. ஆகவே எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், மூன்றாவது கார்டைப் போடலாமா, கூடாதா? தானாக விரிவதை நிறுத்த வழி இருந்தால் அதைச் சொல். தானாக விரியச் சொல்லி அதை யார் கேட்டது? உள்ள இடத்தில் ஒழுங்காக இருந்தால் போதாதா? ரீஸ்டார்ட் என்ற வார்த்தை உன் பதிலில் வரக்கூடாது. தாயம்மா செய்ததை மன்னிக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக. குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
பெரியம்மா
ஃப்ளோரன்ஸ் ஹென்றி

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடு. கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, கெட்டுப்போன கஸ்பாரையே செருகி ஆன் செய்துவிட்டு, எதிரே கண்ணை மூடியதுபோல் உட்கார்ந்தேன். தூங்கவில்லை. உன் பெரியப்பா என்னைப் பார்த்தார், கரண்ட் வருவதைக் காட்டும் சிவப்பு லைட்டைப் பார்த்தார், இடது கையை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டுபோய் சுவிட்சை அணைத்தார். "என்னங்க, நீங்களா?" என்றேன். வாயைக் கோணிக் கோணித் திறந்து, "கரண்ட்டு... வேஸ்ட்டு" என்றார். எட்டு மாதத்தில் முதல் பேச்சு. நான் சமையலறையில் போய் நின்று அழுதேன். பிறகு பட்டினப்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய், தாயம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கையோடு கூட்டிவந்தேன். பல்தசார் பீரோவிலேயே இருக்கட்டும், அடுத்த லீவுக்கு நீயே வந்து போடு. இப்போது மத்தியானம் மூன்று மணி. வீட்டில் இருக்கிற அத்தனை லைட்டையும் ஃபேனையும் போட்டுவைத்து, நானும் தாயம்மாவும் அவரைச் சக்கர நாற்காலியில் அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போகிறோம். இதுவரை பதினோரு தடவை சொல்லிவிட்டார். கடைசியாகப் பாத்ரூம் லைட்டுக்கு என் பெயரையும் சேர்த்துத் திட்டினார்.