பெல்ட் அண்ணனும் ஜீப்புச் சாவியும்

வீட்டை விட்டு ஓர் அடி நகராமல் உலகத்தில் உள்ள அத்தனை கார் பந்தய மைதானங்களிலும் ஓட்டி, அத்தனையிலும் ஒரு தடவையாவது கவிழ்ந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். போடிநாயக்கனூரில் நான் வேலை பார்த்த காலத்தில், நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டில் இருந்தார். பெயர் பெல்ட் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பெல்ட் என்றால் இடுப்பு பெல்ட் இல்லை, சீட் பெல்ட். அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். வீட்டுக் கூடத்தில் காய் தரம் பிரிக்கும் நீள மேசை ஒன்று கிடக்கும். அதன் ஒரு முனையில் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். மறுமுனையில் வீடியோ கேம் ஸ்டியரிங்கை முடுக்கி வைத்திருந்தார். காலுக்குக் கீழே மூன்று பெடல், கண்ணுக்கு எதிரே டிவி, உட்காரப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஜீப் சீட்டு. சுவரில் கொக்கி அடித்துப் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். வேகமாகப் போனால் முகத்தில் காற்று அடிக்க வேண்டுமே, அதற்கு ஒரு டேபிள் ஃபேன். தலையில் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் அவரை முதல் தடவை பார்த்தபோது, வாடகைக்கு வந்த நான் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

கேமில் கார் எங்காவது மோதினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். ஸ்டியரிங் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் மறுமுனையில் பிரித்து வைத்த காயெல்லாம் உருண்டு ஒன்றோடொன்று கலந்துவிடும்.

"அண்ணே! எட்டு எம்எம் காயும் ஆறு எம்எம் காயும் ஒண்ணாக் கூடிருச்சு! காலையிலிருந்து பிரிச்சது அம்புட்டும் போச்சு!" என்று பெண்கள் கத்துவார்கள்.

"பொறுங்க ஆத்தா, மழை ரோடு. டயர் வழுக்குது" என்பார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. வெளியே போடியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

சாம்பிள் பார்க்க வரும் வியாபாரிகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நிற்பார்கள். "இந்தா, ஒரு வளைவுதான், வந்துர்றேன்" என்பார் அண்ணன். அந்த ஒரு வளைவுக்குள் வியாபாரி டீ குடித்து, பேப்பர் படித்து, பக்கத்துக் கடையில் வேறு காய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இத்தனைக்கும் அண்ணனிடம் நிஜ ஜீப்பே ஒன்று இருந்தது. போடிமெட்டுக்கு மேலே அவருக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம். அங்கே ஆள் ஏற்றிப் போகவும் காய்மூட்டை இறக்கவும் வாங்கிய ஜீப்பு அது. ஆனால் நான் குடிவருவதற்கு முந்தைய வருஷமே அது கொட்டகைக்குள் போய்விட்டது. காரணம் அண்ணனின் வேகம். அவர் பிறவி அவசரக் குடுக்கை. சாப்பிடும்போதே கை கழுவுகிற ஆள். ஒருநாள் மனைவியை முன்சீட்டில் வைத்துக்கொண்டு மலையிறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பாமல் நேராகக் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி, ஒரு சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டது. மரம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.

மதினி சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, மேலே ரோட்டுக்கு ஏறி, வந்த பஸ்சைக் கைகாட்டி நிறுத்தி, தனியாக வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஜீப்பைக் கட்டி இழுத்து வந்து, சரிபார்த்துக் கொட்டகையில் விட்டார்கள். அன்றிலிருந்து சாவி மதினியின் இடுப்பில். தன் தோட்டத்துக்குப் போக அண்ணன் வாடகை ஜீப்பில், தன்னிடமே வேலை பார்க்கும் ஆட்களுக்கு நடுவே, ஒரு தொடையை மட்டும் சீட்டில் வைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வெளியே சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அந்த மனிதருக்கு அது எவ்வளவு வலித்தது என்பது, கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் ஜீப்பின் மேல் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு வருவதைப் பார்த்த எனக்குத் தெரியும்.

கேம் வாங்கியதே அந்தச் சாவிக்காகத்தான். "இதுல பழகி, கையைத் திருத்திக் காட்டுறேன்" என்றார். மதினி இடுக்கி மலையில் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

"மதி, மதி! போதும் உங்க பழக்கம். அதுல விழுந்தா மறுபடியும் புது வண்டி வருது. மலையில விழுந்தா வருமா? ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆகாதுங்க."

"சொரக்காயைக் கறியாக்கிக் காட்டுறேன்டி" என்றார் அண்ணன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் நிஜமான பந்தய மைதானம் ஒன்றில், லைசென்ஸ் உள்ள யாரும் ஒருநாள் பணம் கட்டி அவர்கள் காரையே ஓட்டிப் பார்க்கலாம் என்று அவருக்கு எங்கிருந்தோ தெரிந்துவிட்டது. அதே மைதானத்தை அச்சு அசலாகக் கம்ப்யூட்டரில் வரைந்து யாரோ ஒரு புண்ணியவான் நெட்டில் போட்டிருந்தான். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். மதினியிடம் ஒப்பந்தமும் ஆயிற்று.

"ஒரு நாள் முழுக்க ஒழுங்கா ஓட்டிட்டு வாங்க, சாவியைத் தர்றேன். நடுவுல எவனாச்சும் 'ஏய்யா, எறங்கு'ன்னு சொல்லிட்டா, சாவி என் இடுப்புலயே கெடக்கட்டும். மாடித் தம்பி கூடப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லட்டும். தம்பிக்குப் பொய் சொல்ல வராது."

எனக்குப் பொய் சொல்ல வராது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஆனால் மதினியின் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வாரம் இரண்டு நாள் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. சரி என்றேன்.

அதன் பிறகு நடந்த பயிற்சி இருக்கிறதே, அதைப் போடியே வேடிக்கை பார்த்தது. காலையில் வியாபாரம், மாலையில் மைதானம். தூங்கும்போதும் வலது கால் பிரேக் அழுத்துகிறது என்று மதினி சொன்னார். பால் வாங்கப் போகும்போதுகூட அண்ணன் தெருமுனையில் சாதாரணமாகத் திரும்ப மாட்டார். முதலில் வெளியோரம் ஒதுங்குவார். பிறகு கரண்ட் கம்பத்தை உரசுவது போல உள்ளே வருவார். அப்புறம் மறுபடி வெளியோரம் போய் நேரே நடப்பார். "இதான் தம்பி லைனு. பந்தயமே இதுலதான் இருக்கு" என்பார். கோயில் பிரகாரம் சுற்றும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு மூலையிலும் உள்பக்கமாக ஒட்டித் திரும்பி, முன்னால் போகிற நாலு பேரை முந்திவிடுவார். குருக்கள் திருநீற்றுத் தட்டோடு ஒதுங்கி நின்று வழிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நாளும் வந்தது. பஸ்சில் போகும்போது டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, "லேட்டா பிரேக் புடிக்கிறீக அண்ணே, லைனு தப்புது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவழியில் இறக்கிவிடாத அந்த டிரைவர் நன்றாக இருக்க வேண்டும்.

மைதானத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு பெண் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், அமைதியான முகம். நான் கேலரியில் இருந்தேன். முதல் ரவுண்டு முடிந்து வண்டியைக் கேலரிக்குக் கீழே ஓரங்கட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, வளைவு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி திருப்புறீங்க. இதுக்கு முன்னாடி இங்க ஓட்டியிருக்கீங்களா?"

"ரொம்ப நாளா ஓட்டுறேன்மா."

"எப்பங்க?"

"வீட்டுலதான்."

அந்தப் பெண் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆனால் அண்ணனுக்கு முகம் வெளிறியிருந்தது. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, படத்துல பாக்குற ரோடு வயித்தைப் பெசையாதுடா. இது கொடலைப் புடிச்சு இழுக்குது. பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு" என்றார். இருந்தாலும் விடவில்லை. இரண்டாவது ஓட்டம், மூன்றாவது ஓட்டம் என்று தேறிக்கொண்டே வந்தார். மத்தியானத்துக்கு மேல் அவர் ஓட்டியதைப் பார்க்க வேண்டும். வளைவுகளில் வெளியோரம், உள்ளே, மறுபடி வெளியோரம். நம் தெருமுனைக் கரண்ட் கம்பத்தைச் சுற்றிய அதே கோடு. பொய் சொல்லவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவி கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசி ஓட்டத்தில், கேலரிக்கு நேரெதிரே இருந்த ஏற்றமான வளைவில், அண்ணனுக்கு முன்னால் போன கார் ஒன்று பம்பரமாகச் சுழன்று ரோட்டோரம் குறுக்கே நின்றது. மற்ற கார்கள் விலகிப் போய்க்கொண்டே இருந்தன. அதுதான் அங்கே சட்டம். மைதானத்து ஆட்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இறங்கவே கூடாது. காலையிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் ஓரங்கட்டினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் வருகிறவர்களுக்கு மெதுவாக வரச் சொல்லிச் சைகை காட்டினார். பெல்ட்டைக் கழற்றினார். "அண்ணா, அண்ணா!" என்று அந்தப் பெண் கத்தக் கத்த இறங்கி, குனிந்து ரோட்டோரத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

கேலரியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போடியில் குடியிருந்த எனக்குப் புரிந்தது. கல்லைத் தேடுகிறார். மலை ரோட்டில் ஒரு வண்டி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவன் எவனாக இருந்தாலும் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டுத்தான் என்ன ஏது என்றே கேட்பான். இது பந்தய மைதானம், துடைத்து வைத்த தாம்பாளம் போல இருக்கிறது. கல்லுக்கு எங்கே போவது? சுற்றுமுற்றும் பார்த்தவர், தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்துவிட்டு, காருக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பையனின் தோளைத் தொட்டார். அதற்குள் சிவப்புக் கொடி காட்டி, மொத்த மைதானத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

அதிகாரி ஒருவர் ஓடி வந்தார். "அறிவிருக்காய்யா? உன் ஓட்டம் முடிஞ்சுது. எறங்கு!" என்று கத்தினார். அண்ணன் ஏற்கெனவே இறங்கித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"கோவிக்காதீங்க சார், ஏத்தமா இருக்கு, வண்டி பின்னால உருளும். இம்புட்டுப் பெரிய ரோடு போட்டிருக்கீங்க, அவசரத்துக்கு ஒரு கல்லு இல்லையே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் டிரைவருக்கு நிம்மதி. அண்ணன் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். தேனி தாண்டியதும்தான் பேசினார்.

"கேமுல மோதுன வண்டி புகையா மறைஞ்சு போகும் தம்பி. நம்ம பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கலாம். இது மறையலயே. உள்ள ஒரு ஆளுல்ல உக்காந்திருக்கான்."

"மதினிகிட்ட நான் வேற மாதிரி சொல்லிக்கிறேண்ணே."

"வேணாம். உள்ளதைச் சொல்லிரு."

மதினி வாசலிலேயே நின்றார். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நன்றாக ஓட்டியதையும் சொன்னேன், இறங்கு என்று கத்தியதையும் சொன்னேன். ஹெல்மெட்டைச் சக்கரத்துக்கு அடியில் வைத்த இடம் வந்ததும் மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரா எறங்கினாரு? யாரும் சொல்லாம?"

"சொல்லாமத்தான் மதினி. எறங்காதீங்கன்னு கத்தியும் எறங்கினாரு."

மதினி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "மரத்துல மோதுனதுக்கா தம்பி நான் சாவியைப் புடுங்கினேன்? மோதாத டிரைவர் இந்த ஊர்ல யாரு இருக்கா? அன்னிக்கு மேல ஒரு ஜீப்பு நின்னுபோயி, பொம்பளையாளுக பிள்ளையோட ரோட்டுல நின்னு கைகாட்டுச்சுக. இந்த மனுசன் நிக்காம ஹார்ன் அடிச்சுக்கிட்டே போனாரு. மலையில நிக்காமப் போறவன் கையில வண்டி எதுக்குன்னுதான் வாங்குனேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அண்ணன் கையை நீட்டவில்லை. தலை குனிந்து அழுதார். மதினி அவர் சட்டைப் பைக்குள் சாவியைப் போட்டுவிட்டு, "சாப்பிட வாங்க, ஆறிரும்" என்று உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார் அண்ணன். போகும்போதும் திரும்பும்போதும் மாட்டு வண்டி வேகம். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன், ஒவ்வொரு வண்டிக்கும் வழி. பின்னால் வந்த பால் வண்டிக்காரன்கூட முந்திப் போனான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் வெரசாப் போகலாமே" என்றேன்.

"வேகமெல்லாம் வீட்டுல ஓட்டிக்கிறேன் தம்பி" என்றார்.

பிறகு எனக்கு ஊர் மாற்றல் வந்து, எத்தனையோ பெரிய கார்களில், எவ்வளவோ நல்ல ரோடுகளில் போயாகிவிட்டது. எதிலும் நான் கைப்பிடியை விட்டதில்லை. அன்றைக்கு மட்டும், அந்த ஆடுகிற ஜீப்பில், போடிமெட்டு வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் தோளில் சாய்ந்து நான் தூங்கிப்போனேன்.