வேட்பாளர் தேய்த்த முதுகு

பொய் சொல்வதற்கும் ஒரு உடல்வாகு வேண்டும். எனக்கு முதுகு மட்டும்தான் இருந்தது.

அந்தக் கோடையில் கேஸ் விலை ஏறி, தென்காசியில் பாதி ஓட்டல்கள் அடுப்பை அணைத்துவிட்டன. மீதி அடுப்புகளில் வேட்பாளர்கள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கோ தேர்தல் வேலை. 'முதுகுவலி, நிமிர முடியாது' என்று டாக்டர் சீட்டு வாங்கி, தலைமையாசிரியர் முன்னால் ஒரு வாரம் வில்லாக வளைந்து நடந்தேன். (வீட்டில் எப்போதும் அப்படித்தான் என்பதால் கஷ்டம் தெரியவில்லை.) அவரும் இரக்கப்பட்டு, எனக்கு விலக்குக் கேட்டு எழுதினார்.

கொண்டாட வேண்டாமா? நேராக ஐந்தருவி. முந்தின நாள் பெய்த மழையில் ஐந்தில் ஒன்று மட்டும் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும் முத்தையா அண்ணாச்சியின் பலகையில் குப்புறப் படுத்தேன்.

"எண்ணெ விலையக் கேட்டா மயக்கமா வருது சார். கொஞ்சமாத்தான் விடுவேன்" என்றார்.

கொஞ்சமே போதுமாக இருந்தது. சாரல் பிடரியில் விழ, கண் செருகியது. பலகை மெல்லக் கிளம்பி, மரங்களைத் தாண்டி, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களின் மேல் மிதந்தது. அத்தனை பூவும் என் விடுப்புக்குச் சம்மதம் சொல்லித் தலையாட்டின. நடுவில் அண்ணாச்சியின் கை மெத்தென்று மாறியது. கனவென்றால் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மிதந்தபடியே பேசினேன். "அண்ணாச்சி, இந்த வேட்பாளர் பயலுவ தோசை ஊத்துதானுவ, வடை சுடுதானுவ. நம்ம முதுகத் தேய்க்க ஒருத்தனாது வருதானா?"

"வந்துட்டேன்லா!" என்றது ஒரு புதுக் குரல்.

கண் திறந்தேன். மூன்று கேமராக்கள். முத்தையா அண்ணாச்சி ஓரமாகக் கைகட்டி நின்றார். என் முதுகில் ஏழு மோதிரங்களோடு இரண்டு கைகள்.

"விலைவாசியில ஒடிஞ்சுபோன மக்களோட முதுகு இது!" என்று கேமராவிடம் முழங்கிய வேட்பாளர், என்னிடம் குனிந்தார். "வலி போயிட்டா அண்ணாச்சி?"

போச்சு என்றால் டாக்டர் சீட்டும் போச்சு, வேலைக்கே ஆபத்து. போகவில்லை என்றால் இவர் போகமாட்டார்.

"போகல" என்று முனகினேன்.

வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கையை ஊன்றினார். கூட்டம் கைதட்டியது.

"இப்போ?"

"இன்னும்..."

"ஏலே, அந்த பாட்டிலப் பூரா கவுத்துலே!"

"ஐயோ, எண்ணெ!" என்ற அண்ணாச்சியின் அலறல் கைதட்டலில் அமுங்கியது. அடுத்த அழுத்தில் எனக்குள் ஏதோ ஒன்று 'மளுக்' என்றது.

"போச்சு! சுத்தமாப் போச்சு!" என்று கத்தி, குச்சி மாதிரி நிமிர்ந்து, ஓடி, வழுக்கி, அந்த ஒற்றை அருவிக்குள் போய் ஒளிந்தேன். என் தொந்தியை மறைக்க அந்தத் தண்ணீர் போதவில்லை.

எல்லாமே டிவியில் வந்தது. மறுநாள் தலைமையாசிரியர் போனில் மிக மென்மையாகக் கேட்டார்: "சார், போச்சாமே?"

தேர்தலன்று அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில், விரல் விரலாக மை வைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் அசல் வலி. யாரிடம் சொல்ல?

இன்றும் நான் தலைவலி என்று படுத்தால், என் மனைவி தோசைக் கரண்டியோடு வாசலில் வந்து நிற்பாள்.

"தானாப் போகுமா, வேட்பாளர வரச் சொல்லட்டா?"

எழுந்து தேங்காய் துருவப் போய்விடுவேன்.