கண்ணீர் விட்ட மெஷின்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு மெஷின் அழுதது. பக்கத்து வீட்டில் அழுதாலும் எட்டிப் பார்க்காத ஊர், சீசாவும் கையுமாகத் திரண்டது. அந்தக் கண்ணீரைத் தடவினால் மூட்டுவலி போகுமாம். மாமியார் வாயும் மூடுமாம்.

அழ வைத்தவர் எண்ணெய்ச் சாமியார். மெஷினை ஒட்டிப் பலகை போட்டு, காலை மறைக்கும் அங்கியை விரித்துக்கொண்டு பாடுவார். மேலே குழாய் மூட்டிலிருந்து எண்ணெய் வழியும். கண்ணீர் இலவசம், சீசாவின் மூடிக்குத்தான் காணிக்கை. மெஷினை நிறுத்தக்கூடாது, தரையைத் துடைக்கக்கூடாது, இரண்டும் தெய்வக்குத்தம். முதலாளியும் கும்பிட்டார். பழுது பார்க்கும் செலவு மிச்சமாயிற்றே.

அன்று பசை தடவுகிறவர் அந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தார். ஓடிக்கொண்டிருந்த உருளை அவர் சட்டைக் கையைக் கவ்வியது. நைந்த துணி, கிழிந்தது. கை தப்பியது.

அவருடைய அண்ணிதான் அங்கே ஃபிட்டர். ஓடி வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். அதற்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தரையில் மரத்தூளைக் கொட்டினார்.

"சாமிதான் காப்பாத்துச்சு அண்ணி. சட்டையோட போச்சு" என்றார் கொழுந்தன்.

"வழுக்க விட்டது யாரு, நானா?"

சாமியார் சிரித்தார். "கரண்டை நிறுத்திட்டா நின்னுடுமா? பாரு."

பாடினார். கரண்ட் இல்லாமலே எண்ணெய் வழிந்தது. கூட்டம் விழுந்து கும்பிட்டது. மரத்தூள் எட்டாத இடத்தில் நின்றவர்கள் கும்பிடாமலே விழுந்தார்கள்.

ஃபிட்டர் யோசித்தார். மோட்டார் நின்றுவிட்டது. பிறகு எண்ணெயைத் தள்ளுவது எது? மெஷினுக்கு எண்ணெய் ஏற்றும் கைப்பம்பு ஒன்றுதான் பாக்கி. அதன் பிடி சாமியாரின் அங்கிக்கு அடியில், கால் எட்டும் இடத்தில் இருக்கிறது.

உயரமான ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து மெஷினை விட்டுத் தள்ளிப் போட்டார். "வழுக்கிடப் போறீங்க சாமி. இதுமேல உக்காந்து பாடுங்க."

"பூமியைத் தொட்டுத்தான் பாடணும்."

"துடைப்பக்கட்டை தரேன். அதால தொட்டுக்குங்க."

மறுப்பதற்குள் பக்தர்களே தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள். துடைப்பக்கட்டையைப் பூமியில் ஊன்றிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடினார் சாமியார். மெஷின் சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

சாமியார் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில் கொழுந்தன் குனிந்தார். கைப்பம்பின் பிடியை ஓர் அமுக்கு அமுக்கினார். எண்ணெய் கொட்டியது.

"எனக்குப் பாடவே வராதே அண்ணி" என்றார்.

தளர்த்தி வைக்கப்பட்டிருந்த மூட்டை ஃபிட்டர் ஸ்பேனரால் இறுக்கினார். அழுகை நின்றது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

"அப்ப நாங்க முட்டியில தடவினது?" என்று கேட்டார் ஒருவர்.

"மெஷின் மூட்டுக்கு நல்லது. உங்க மூட்டுக்கு டாக்டரைப் பாருங்க."

ஐயா, அம்மா, யார் காலிலாவது விழுந்தே தீருவேன் என்றால் விழுங்கள். விழுந்ததுதான் விழுந்தீர்கள், அந்தக் கால் எதை அமுக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.